"முடியாது" என்றவரின் குரல்: டாம் வெய்ட்ஸ் – டோரிட்டோஸ் வழக்கு

1988ஆம் ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வானொலி நிகழ்ச்சியில் கலந்துகொள்ளப் போயிருந்தார் அமெரிக்கப் பாடகர் டாம் வெய்ட்ஸ். அங்கே ஒரு விளம்பரம் அவர் காதில் விழுந்தது. டோரிட்டோஸ் சிப்ஸ், புதிதாக வந்திருக்கும் சால்சா ரியோ சுவை. கரகரத்த குரல் ஒன்று எதுகையும் மோனையுமாக அதைக் கூவி விற்றுக்கொண்டிருந்தது. குரல் அவருடையது போலவே இருந்தது. ஆனால் அப்படி எதையும் அவர் பாடியதே இல்லை.

இதைக் கேட்கும் எவரும், டோரிட்டோஸுக்கு விளம்பரம் செய்ய வெய்ட்ஸ் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் நினைப்பார்கள் என்பது அந்தக் கணமே தனக்கு உறைத்தது என்று பின்னர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். நண்பர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு, "அதைக் கேட்டால் நான் என்று நினைத்துவிடாதீர்கள்" என்று நாள்கணக்கில் விளக்க வேண்டியிருந்ததாம். இதற்கிடையே, "டாம், உங்கள் டோரிட்டோஸ் விளம்பரத்தைக் கேட்டேன்" என்று அவருக்கும் அழைப்புகள் வந்தன. தான் செய்யாத ஒன்றுக்காக ஒரு மனிதர் வெட்கப்பட வேண்டிய நிலை.

பெரிய நிறுவனங்கள் கலைஞர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசும்போது நாம் ஓவியம், மெட்டு, புகைப்படம் என்று பொருள்களின் பெயரைச் சொல்வோம். இந்த வழக்கில் பறிபோனது ஒரு மனிதர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த "முடியாது" என்ற பதில். அந்தப் பதிலை அவர் குரலை வைத்தே "சரி" என்று மாற்றிவிட்டார்கள். இந்த வழக்கை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பதற்குக் காரணம் அதுதான்.

வெய்ட்ஸின் குரலைக் கேட்டிராதவர்களுக்கு ஒரு குறிப்பு. ரசிகர் ஒருவர் அதை வர்ணித்த விதத்தை நீதிமன்றத் தீர்ப்பே மேற்கோள் காட்டுகிறது: ஒரு பெரிய புட்டி போர்பன் விஸ்கியைக் குடித்து, ஒரு பாக்கெட் சிகரெட்டை ஊதித் தள்ளி, ஒரு பாக்கெட் சவர பிளேடுகளை விழுங்கிவிட்டு, மூன்று நாள் தூங்காமல், நள்ளிரவில் பாடினால் எப்படி இருக்குமோ அப்படி. இன்னொருவர் குரலோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பே இல்லாத குரல்.

அந்தக் குரலை விளம்பரத்துக்குத் தருவதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தார். பெரிய தொகையோடு வந்த பல வாய்ப்புகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். இதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கவும் இல்லை. இசைக்கலைஞர்கள் விளம்பரம் செய்வது அவர்களுடைய கலையின் நேர்மையைக் குறைத்துவிடும் என்று பத்திரிகை, வானொலிப் பேட்டிகளில் வெளிப்படையாகவே சொல்லிவந்தார். அவரை ஓரளவு தெரிந்த எவருக்கும் இது தெரியும்.

விளம்பரத்துக்கு முன்மாதிரியாக எடுக்கப்பட்ட பாட்டு எது தெரியுமா? 1976இல் வந்த அவருடைய "ஸ்டெப் ரைட் அப்". கூவி விற்பவர்களைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. எதையும் செய்யும் ஒரு மாயப் பொருளைச் சரமாரியாக விளம்பர வாசகங்களைக் கொட்டி ஒருவன் விற்பான். அந்தப் பொருள் என்ன என்று கடைசி வரை சொல்லவே மாட்டான். பெரிய எழுத்தில் கொடுப்பதைச் சின்ன எழுத்து பிடுங்கிக்கொள்ளும் என்று முடியும். விளம்பரத்தின் புரட்டைச் சொல்வதற்காக ஒருவர் எழுதிய பாட்டின் சாயலை எடுத்தே விளம்பரம் செய்தார்கள்.

சட்டத்தில் இருந்த ஓட்டை

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் பதிவு செய்யப்பட்ட ஒரு பாட்டுக்கு இரண்டு பதிப்புரிமைகள் உண்டு. பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் ஒன்று. அதை ஒருவர் பாடிய ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. பாட்டின் உரிமை பெரும்பாலும் ஒரு இசைப் பதிப்பகத்திடம் இருக்கும். அவர்களிடம் பணம் கட்டி உரிமம் வாங்கிவிடலாம். பாடகர் சம்மதிக்காவிட்டால் அவருடைய ஒலிப்பதிவைத் தொடாமல், வேறொருவரைப் பாடவைத்துப் புதிதாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

அந்த வேறொருவர் அச்சு அசலாக மூலப் பாடகரைப் போலவே பாடினால்? பதிப்புரிமைச் சட்டத்தின் 114ஆவது பிரிவு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது: ஒலிப்பதிவின் உரிமை அந்தப் பதிவில் உள்ள ஒலிகளுக்கு மட்டும்தான். தனியாகப் பதிவு செய்த இன்னொரு குரல் எவ்வளவு ஒத்துப்போனாலும் அது மீறல் ஆகாது. மேடையில் பிறர் பாட்டைப் பாடிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான கலைஞர்களுக்கு இந்த விதி அவசியம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விளம்பர உலகம் இதை ஒரு பின்வாசலாகப் பயன்படுத்தியது. அசல் பாடகர் கிடைத்தால் அவர், கிடைக்காவிட்டால் அவரைப் போல ஒருவர்.

இதை எதிர்த்து முதலில் போனவர்கள் தோற்றார்கள். பாடகி நான்சி சினாட்ரா குட்இயர் டயர் நிறுவனத்தின் மீது போட்ட வழக்கு 1970இல் தள்ளுபடியானது. பாட்டுக்கு முறையான உரிமம் இருக்கிறது, அவருடைய பெயரோ படமோ பயன்படுத்தப்படவில்லை, அப்புறம் என்ன என்பதுதான் நிலை.

ஃபோர்டும் பெட் மிட்லரும்

அந்த நிலையை மாற்றியவர் அமெரிக்கப் பாடகி பெட் மிட்லர். 1985இல் ஃபோர்டு நிறுவனத்துக்காக யங் அண்ட் ரூபிகாம் என்ற விளம்பர நிறுவனம் 19 தொலைக்காட்சி விளம்பரங்களைத் தயாரித்தது. எழுபதுகளில் கல்லூரியில் படித்து இப்போது கை நிறையச் சம்பாதிக்கும் தலைமுறைக்குப் பழைய பாட்டுகளைப் போட்டுக் காட்டி, அந்த நினைவோடு காரை விற்பது திட்டம். அசல் பாடகர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்காத பத்து விளம்பரங்களில் குரல் ஒத்தவர்களை வைத்துப் பாடவைத்தார்கள்.

மிட்லரின் மேலாளருடன் நடந்த தொலைபேசி உரையாடல் தீர்ப்பில் அப்படியே இருக்கிறது. விருப்பமா என்று கேட்டார்கள். "விளம்பரமா?" என்றார் மேலாளர். "ஆமாம்." "எங்களுக்கு விருப்பமில்லை." அவ்வளவுதான்.

அடுத்து அவர்கள் செய்ததுதான் மனதைச் சுடுகிறது. மிட்லருக்குப் பின்னால் நின்று பத்தாண்டு பாடிய துணைப் பாடகி ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். மிட்லரின் "டூ யூ வான்ட் டு டான்ஸ்" பதிவை அவருக்குப் போட்டுக் காட்டி, முடிந்தவரை அதே போலப் பாடச் சொன்னார்கள். விளம்பரத்துக்குப் பொருந்தாத சில "ஆ... ஆ..."க்களை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். பாட்டுக்கு முறையான உரிமம் அவர்களிடம் இருந்தது. கேட்டவர்கள் மிட்லர் என்றே நினைத்தார்கள்.

கீழ் நீதிமன்றம் இதைச் சராசரித் திருடனின் நடத்தை என்று வர்ணித்தது. வாங்க முடியாவிட்டால் எடுத்துக்கொள்வோம் என்ற மனப்பான்மை என்றது. ஆனாலும் தடுக்கச் சட்டம் இல்லை என்று சொல்லி மிட்லரைத் தோற்கடித்தது. மேல்முறையீட்டில், 1988 ஜூன் 22 அன்று, ஒன்பதாவது சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. முகத்தைப் போலவே குரலும் ஒருவருக்கே உரியது, தனித்துவமானது என்று எழுதினார் நீதிபதி நூனன். பரவலாக அறியப்பட்ட ஒரு பாடகரின் தனித்துவமான குரலைப் பொருள் விற்பதற்காக வேண்டுமென்றே போலி செய்தால், கலிஃபோர்னியாவில் அது சட்டப்படி தவறு. பதிப்புரிமை ஓட்டைக்குள் போகாமல், ஆளின் அடையாளம் என்ற வேறு வழியில் போய் அடைந்த முடிவு இது. மறு ஆண்டு ஜூரி விளம்பர நிறுவனத்தை 4,00,000 டாலர் கட்டச் சொன்னது.

ஜூன் 22 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டோரிட்டோஸ் விளம்பரம் ஒலிபரப்பானது அதே ஆண்டு செப்டம்பரிலும் அக்டோபரிலும்.

பத்து நிமிட ஃபோன்

டோரிட்டோஸைத் தயாரிக்கும் ஃப்ரிட்டோ-லே நிறுவனத்துக்கு விளம்பரம் செய்துகொடுத்தது டல்லாஸைச் சேர்ந்த ட்ரேசி-லாக். முதலில் கனத்த, ப்ளூஸ் வாசனையுள்ள குரல் கொண்ட நல்ல தொழில்முறைப் பாடகர் ஒருவரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு நிறுவனங்களின் அதிகாரிகளுக்கும் பிடிக்கவில்லை. பிறகு கரகரத்த குரல் உள்ள பலரை ஆடிஷனுக்கு அழைத்தார்கள். வெய்ட்ஸை அருமையாகப் போலி செய்வார் என்று ஒலிப்பதிவுப் பொறியாளர் ஒருவர் சிபாரிசு செய்த டல்லாஸ் இசைக்கலைஞர் ஒருவரும் அதில் வந்தார்.

இவர் வெய்ட்ஸின் ரசிகர். பத்தாண்டுக்கும் மேலாகத் தன் இசைக்குழுவோடு வெய்ட்ஸ் பாட்டுகளைப் பாடி, அந்தக் குரலைப் பிசகில்லாமல் கொண்டுவரப் பழகியிருந்தவர். ஆடிஷனில் அவர் வாயைத் திறந்ததும் குழுவினர் அசந்துபோனார்கள். விளம்பரத்தின் இசை இயக்குநர் அவரை எச்சரித்தார்: நீங்கள் அளவுக்கு மேல் வெய்ட்ஸ் மாதிரியே இருக்கிறீர்கள், சட்டச் சிக்கல் வரலாம், அதனாலேயே இந்த வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். கிடைத்தது.

பதிவின்போது தயாரிப்பாளருக்கே பயம் வந்துவிட்டது. கொஞ்சம் குறைத்துப் பாடச் சொன்னார். குறைத்துப் பாடியது யாருக்கும் பிடிக்கவில்லை. பதிவு முடிந்ததும் அந்தப் பாடகரே தயாரிப்பாளரிடம் சொல்லியிருக்கிறார்: வெய்ட்ஸுக்கு இது பிடிக்காது, அவர் விளம்பரங்களுக்கு எதிரானவர். தனக்கும் தெரியும் என்றார் தயாரிப்பாளர். முன்பு ஒரு டயட் கோக் விளம்பரத்துக்கு வெய்ட்ஸை அவரே அணுகியிருந்தார். அவ்வளவு வேகமாக ஒருவர் மறுத்து வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றார்.

எச்சரிக்கைக்காக இன்னொரு பாடகரை வைத்து மாற்றுப் பதிவு ஒன்றும் செய்து வைத்தார்கள். இந்த மாற்றுப் பதிவுதான் எனக்கு இந்த வழக்கின் மையம். வேறு வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வழி டேப்பில் பதிவாகி மேஜை மேல் கிடந்தது.

வானொலி நிலையங்களுக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்தது. ட்ரேசி-லாக்கின் உயரதிகாரி தங்கள் வழக்கறிஞருக்கு ஃபோன் போட்டார். பத்து நிமிடப் பேச்சு. வெய்ட்ஸின் இசை தரும் அதே உணர்வைக் கொண்டுவர முயலும் விளம்பரம், சிக்கல் வருமா என்று கேட்டார். தனித்துவமான குரலுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அண்மையில் தீர்ப்பு வந்திருக்கிறது, வழக்கு வரும் அபாயம் அதிகம் என்றார் வழக்கறிஞர். ஆனால் பாடும் பாணிக்குப் பாதுகாப்பு கிடையாது, அதனால் வழக்கு நிற்காது என்றும் சொன்னார். கேட்ட கேள்விக்கு ஏற்ற பதில். "உணர்வு" என்று கேட்டதால் "பாணி" என்று பதில் வந்தது. "வெய்ட்ஸ் குரலை அப்படியே போலி செய்திருக்கிறோம், எங்கள் ஆட்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது" என்று சொல்லிக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

பிறகு இரண்டு டேப்களும் ஃப்ரிட்டோ-லேயிடம் போயின. அபாயத்தையும் எடுத்துச் சொன்னார்கள். சொல்லிவிட்டு, வெய்ட்ஸ் குரலில் இருப்பதையே பரிந்துரைத்தார்கள். வழக்கு வந்தால் நஷ்டத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்றும் உறுதி கொடுத்தார்கள். ஃப்ரிட்டோ-லே அதைத் தேர்ந்தெடுத்தது. 61 ஊர்ச் சந்தைகளில், 250க்கும் மேற்பட்ட வானொலி நிலையங்களில் அது ஒலித்தது.

விளம்பரத் துறையில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. பொறுப்பு யார் தலையில் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டுவிட்டால், செய்யலாமா என்ற கேள்வி மறைந்து, மாட்டினால் யார் கட்டுவது என்ற கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. ஆடிஷன் அறையிலிருந்து ஃப்ரிட்டோ-லே அலுவலகம் வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவருக்கு நெருடியிருக்கிறது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார். ஆனாலும் வேலை அடுத்த மேஜைக்கு நகர்ந்துகொண்டே போனது.

2,00,000 டாலர் எதற்கு

1988 நவம்பரில் வெய்ட்ஸ் வழக்குப் போட்டார். 1990இல் விசாரணை. ஜூரி 3,75,000 டாலர் இழப்பீடும், அதற்கு மேல் 20,00,000 டாலர் தண்டனைத் தொகையும் விதித்தது. பொய்யான ஒப்புதலைக் காட்டியதற்காகத் தனியாக 1,00,000 டாலரும் வழக்கறிஞர் செலவும். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே பாதிப்புக்கு இருமுறை கொடுப்பதாகும் என்று அந்த 1,00,000 டாலரை மட்டும் நீக்கிவிட்டு, மற்ற அனைத்தையும் உறுதி செய்தது.

அந்த 3,75,000 டாலரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அவருடைய குரல் சேவைக்குச் சந்தை மதிப்பாக 1,00,000. நற்பெயருக்கும் எதிர்கால மதிப்புக்கும் ஏற்பட்ட சேதத்துக்கு 75,000. மன அமைதி, மகிழ்ச்சி, உணர்வுகள் இவற்றுக்கு ஏற்பட்ட காயத்துக்கு 2,00,000.

குரலின் விலையைவிட மனக்காயத்தின் விலை இரண்டு மடங்கு. சரியான கணக்கு என்றே எனக்குப் படுகிறது. வெறும் 1,00,000 டாலரை மட்டும் கொடுத்திருந்தால், அவர் மறுத்த வேலைக்கே தாமதமாகக் கூலி கொடுத்ததாக ஆகியிருக்கும். கேட்டபோது கொடுக்காததை எடுத்துக்கொண்டு, பிடிபட்ட பிறகு அதே விலையைக் கட்டினால் போதும் என்றால், யார்தான் முன்கூட்டி அனுமதி கேட்பார்கள்? இந்த விளம்பரம் வெய்ட்ஸை ஊர் முன்னால் இரட்டை வேடக்காரராகக் காட்டி அவமானப்படுத்தியது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பேட்டிக்குப் பேட்டி ஒன்றைச் சொல்லிவிட்டுக் காசு வந்ததும் மாறிவிட்டவர் என்று, அவரை நேசித்தவர்களே நினைக்கும்படி ஆனது.

குரல் பற்றிய சட்டம் அப்போது தெளிவாக இல்லை, அதனால் தண்டனைத் தொகை கூடாது என்று நிறுவனங்கள் வாதிட்டுப் பார்த்தன. மூன்று மாதத்துக்கு முன்பே மிட்லர் தீர்ப்பு வந்திருந்தது. அந்தப் பத்து நிமிட ஃபோனில் அது பேசப்பட்டும் இருந்தது. வாதம் எடுபடவில்லை.

போலி செய்த பாடகரைப் பற்றி என்ன நினைப்பது? அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பத்தாண்டாக ஒருவரின் பாட்டை நேசித்துப் பாடியவர். கிடைத்த வேலையைச் செய்தார், மனதில் பட்டதையும் மறைக்காமல் சொன்னார். அவருடைய ரசனையையும் உழைப்பையும் கூடத்தான் இந்த விளம்பரம், அவர் நேசித்த கலைஞருக்கு எதிராகவே திருப்பிவிட்டது.

பாணி யாருக்குச் சொந்தம்

இந்தத் தீர்ப்பை வைத்து எல்லா விதமான சாயலையும் தடுத்துவிட முடியாது, தடுக்கவும் கூடாது. பாணி வேறு, குரல் வேறு என்ற கோட்டை நீதிமன்றம் அழிக்கவில்லை. கரகரத்துப் பாடுவது எவருக்கும் தனிச்சொத்து ஆகாது. இளைய கலைஞர்கள் முன்னோரின் பாணியில் கை வைத்துத்தான் வளர்கிறார்கள். அடையாள உரிமையை நீட்டிக்கொண்டே போனால் வரும் ஆபத்தையும் அதே 1992இல் பார்த்தோம். தன்னை நினைவூட்டும்படி பொன்னிற விக் வைத்த ரோபோ ஒன்றை சாம்சங் விளம்பரத்தில் காட்டியதற்காகத் தொலைக்காட்சி நட்சத்திரம் வன்னா வைட் வழக்குத் தொடரலாம் என்று அதே நீதிமன்றம் அனுமதித்தது. அது எனக்கு மிகையாகவே தோன்றுகிறது. ஒருவரை நினைவுபடுத்துவதே தவறு என்றால் கிண்டலுக்கு இடம் இருக்காது.

ஆனால் கோட்டின் மறுபக்கம் நின்று தோற்றவர்களையும் பார்க்க வேண்டும். மெஹ்தி நொரோஸியன் என்ற இயக்குநர் 1992இல் "ஜாய்" என்ற சிறு படம் எடுத்தார். ஒருவர் தனியாக ஆடுவார். இடையிடையே படத்துண்டுகளை வெட்டி ஒட்டியதால், மனித உடலால் முடியாத அசைவுகளாக அந்த ஆட்டம் துள்ளும். 1994இல் கின்னஸ் பியர் விளம்பரம் ஒன்று வந்தது. கோப்பையில் நுரை அடங்கக் காத்திருக்கும் ஒருவர் அதே துள்ளலோடு ஆடுவார். லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல் இரண்டு விஷயங்களைச் சொன்னது. அந்தச் சிறு படம் பாதுகாப்புக்குரிய நாடகப் படைப்பு, சரி. ஆனால் விளம்பரம் எடுத்துக்கொண்டது படத்தொகுப்பு உத்தியைத்தான். உத்திக்கு உரிமை கிடையாது. நொரோஸியன் தோற்றார்.

சட்டமாகப் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. வெட்டி ஒட்டும் உத்தியை ஒருவருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு, அந்த உணர்வு வேண்டும் என்று வேறொருவரிடம் வேலையைக் கொடுத்தவர்கள் தவறே செய்யவில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சட்டம் அனுமதிக்கும் எல்லாமும் நேர்மையானது ஆகிவிடாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

வெய்ட்ஸுக்கு இருந்த சாதகங்களையும் மறக்கக் கூடாது. குரல் ஊரறிந்தது. மறுப்பு பேட்டிகளில் பதிவாகியிருந்தது. எதிர்த்தரப்பினரே எச்சரித்துக்கொண்டதற்குச் சாட்சிகள் இருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வழக்கு நடத்த வசதியும் இருந்தது. பேர் தெரியாத ஓர் ஓவியரோ பாடகரோ இதில் எதுவும் இல்லாமல் அதே வாசலில் நின்றால், அவருடைய குரல் "பரவலாக அறியப்பட்டது" என்ற முதல் நிபந்தனையிலேயே திரும்பிவிடுவார். இந்தத் தீர்ப்பின் பெரிய குறை இதுதான்.

போலி செய்ய ஓர் ஆள் பத்தாண்டு பழக வேண்டிய காலமும் போய்விட்டது. சில நிமிடப் பதிவிலிருந்து ஒரு குரலை மென்பொருளே வார்த்துக் கொடுத்துவிடுகிறது. 2024 ஜூலையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவரின் குரலைப் போலச் செய்யப்பட்ட ஒலியையும் அவர் குரலாகவே கருதிப் பாதுகாக்கிறது. ஆடிஷன் அறையில் "சிக்கல் வரலாம்" என்று எச்சரிக்கவும், பதிவு முடிந்ததும் "அவருக்குப் பிடிக்காது" என்று சொல்லவும் ஒரு மனிதராவது அன்று இருந்தார். மென்பொருள் அதைச் சொல்லாது.

வெய்ட்ஸின் கதை டோரிட்டோஸோடு முடியவில்லை. ஸ்பெயினில் ஆடி கார் விளம்பரத்துக்காக அவருடைய பாட்டைக் கேட்டார்கள். மறுத்தார். அவரைப் போன்ற இசையோடும் குரலோடும் விளம்பரம் வந்தது. பார்சிலோனா நீதிமன்றம் பதிப்புரிமை மீறலுக்கு 36,000 யூரோவும், கலைஞர் என்ற முறையில் அவருடைய தார்மீக உரிமையை மீறியதற்கு 30,000 யூரோவும் விதித்தது. ஜெர்மனியில் ஓப்பல் காருக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்ப மறுத்தார். அங்கும் அவர் குரலைப் போன்ற ஒரு குரல் காரை விற்றது. அந்த வழக்கு 2007இல் சமரசத்தில் முடிந்தது. கிடைத்த பணத்தை அறப்பணிக்குக் கொடுத்துவிடுவதாக வெய்ட்ஸ் அறிவித்தார்.